கடைசி வருகை

மூன்றாம் கட்டம்: முகவரி.
குணவதி பேனாவைக் கீழே வைத்தாள்.
"எதை எழுத? நேத்துப் படுத்தது
கடற்கரையில, கூடாரம்.
காலையில மடிச்சாச்சு."

எங்கள் நிலையத்தின் முகவரியை நான் எழுதினேன்.
அந்த வாரம் அதே முகவரியில்
ஏழு குடும்பங்கள் இருந்தன,
ஓர் இரும்பு அலமாரிக்குள்.

பிறகு தாள்கள்.
விற்ற வீட்டின் கணக்கு, மணமுறிவுத் தீர்ப்பு,
மூன்று மாதச் சம்பளச் சீட்டு
(துப்புரவு நிறுவனம் இரண்டுதான் தந்தது),
அக்கா வீட்டில் ஏன் தங்க முடியாது என்பதற்கு
அக்காவே கையெழுத்திட்ட கடிதம்.
அதை எழுதியவள் நான்.
'இடப் பற்றாக்குறை' என்று போட்டேன்.
அக்கா சொன்ன சொல் வேறு.

தற்காலிக இல்லத்தில் பதினொரு மாதம்.
ஒரே வீட்டில் இரண்டு குடும்பம்,
குளிர்பெட்டியின் நடுத்தட்டில் டேப் ஒட்டிய எல்லை.
கிஷோரன் அங்கேதான்
சத்தமில்லாமல் இருமக் கற்றுக்கொண்டான்.

மேல்முறையீடு. மறுபடி மேல்முறையீடு.
ஒருநாள் வீடமைப்புக் கழகத்திலிருந்து சாவி.
மார்சிலிங், பன்னிரண்டாம் மாடி, வாடகை வீடு.
அவள் அழவில்லை.
மின்சாரக் கட்டணம் யார் பேரில் வரும் என்று கேட்டாள்.

ஆறு வாரம் கழித்துப் போனேன்,
கோப்பை மூடுமுன் ஒரு தடவை.
மணியை அழுத்தினேன்.
உள்ளே தொலைக்காட்சி நின்றது.
விளக்கு அணைந்தது.
ஒரு பிள்ளையின் வாயை யாரோ பொத்துவது
கதவுக்கு இப்பாலும் கேட்டது.

"நான்தான், ஷமீனா" என்றேன்
இரும்புக் கம்பிகளுக்கிடையே வாயை வைத்து.

திறந்தவளுக்கு வெட்கம்.
"கோவிச்சுக்காதீங்க.
இதுவரைக்கும் மணி அடிச்ச யாரும்
டீ குடிக்க வந்ததில்ல."

டீ கொதிக்கும்போது
கிஷோரன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.
மணி அடித்தான்.
"யாரு?"
"நான்தான்."
திறந்தாள். மறுபடி சாத்தினான்.
"யாரு?"
"நான்தான்!"
மூன்றாம் தடவை அவனைக் கொஞ்சம் காக்க வைத்தாள்.

நான்காவதில் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர்
பனியனோடு எட்டிப் பார்த்தார்.
குணவதி கரண்டியைப் பிடித்தபடியே
தெரிந்த மலாயில் சொன்னாள்:
"ரூமா பாரு, அங்கிள்."
புது வீடு.
அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மலாயில் பாரு என்றால் புதிது.
நான் தமிழிலேயே கேட்டுக்கொண்டு
பார்த்தேன்.