கடற்பக்கம்

காலி வீதிக்குக் கடற்பக்கமா, தரைப்பக்கமா?
விலை சொல்ல முதல் இதைத்தான் கேட்டான்
பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடி மூலைக் கடையில்,
முஃலிஹ் என்ற பொடியன்.
கடற்பக்கம், வெள்ளவத்தை, மூன்றாம் மாடி என்றேன்.
எக்ஸ்ரே பார்க்கிற டொக்டர் மாதிரித் தலையை ஆட்டினான்.
"அப்ப உப்புத் தின்னும் மிஸ்.
பளபளப்பப் பாக்காதீங்க, பின்னப் பாருங்க."

கைப்பையில் சீட்டெடுத்த காசு,
கழிவு போக ஐம்பத்திரண்டாயிரம்.
வரும்போதே தீர்மானித்துத்தான் வந்திருந்தேன்:
ஆறு கொம்பு வைத்த ரவுட்டர்,
மல்லாந்து விழுந்த கரப்பான் போல.
பெட்டியில் ஒரு முழு வீடு நீல வெளிச்சத்தில் குளிக்கிற படம்,
அதற்குள் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை, நாய்.
எங்களிடம் நாயில்லை. அப்பா டோஹாவில்.

"கொம்பு கூட ஈந்தா மாடு கூடப் பால் தருமா?
செவர் எத்தினை, அதச் சொல்லுங்க."

சுவர்.
முன்னறை தாண்டினால் அடுப்படி, அதற்கொரு தடித்த சுவர்,
உள்ளே என்ன கம்பி வைத்துக் கட்டினார்களோ,
வைஃபை அங்கு வந்ததும்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும்.
பின்னறை இருந்தும் ஆரபி
குளியலறை வாசலில் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து
சேதன இரசாயனம் படிக்கிறாள்.
இரவில் நான்.
எந்த ஊரோ, எந்த டொக்டரோ,
நோயாளியைப் பற்றி முணுமுணுப்பதைக் கேட்டுத் தட்டச்சிடுகிற வேலை.
வலது சிறுநீரகத்தில், என்பார்.
வட்டம் சுழலத் தொடங்கும்.
கல்லா, கட்டியா,
முகம் தெரியாத மனிதருக்காகப் பயந்துகொண்டு
தேத்தண்ணி ஆறுமட்டும் இருப்பேன்.

பில்லின் பின்பக்கத்தில் என் வீட்டைக் கீறினான்.
இவ்வளவு சின்ன வீட்டிலா இருக்கிறேன்
என்று அப்போதுதான் கண்டேன்.
முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரு கோடு இழுத்தான்.
"புது ரவுட்டர் வேணாம். ஈக்கிறதே போதும்.
முப்பது மீட்டர் கேபிள், மீட்டர் நூத்திப்பத்து.
அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி, ரெண்டாயிரத்தித் தொளாயிரம்."

விற்க வந்தவன் வேண்டாம் என்றால்
எங்களுக்கு முதலில் வருவது சந்தேகம்.
வேறு இரண்டு கடை ஏறி இறங்கினேன்.
இரண்டிலும் கொம்பை எண்ணிக் காட்டினார்கள்.
திரும்பி வந்தேன். அவன் சிரிக்கவில்லை, அது பிடித்தது.

கணினிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன,
இழுத்து மூடிய ஏதோ கந்தோரிலிருந்து மொத்தமாக வந்தவை.
எல்லார் நெற்றியிலும் ஸ்டிக்கர்.
நான் எடுத்தது சொத்து இல. 0417.
கூட வந்த கீபோர்டில், ஐந்தாம் இலக்கத்தின் மேல்
சிவப்பு நெயில் பொலிஷ் ஒரு பொட்டு.
பார்க்காமலே கணக்குத் தட்ட எவளோ வைத்தது.
வேறு கீபோர்ட் தரட்டா என்றான். வேண்டாம் என்றேன்.

மூடியைக் கழற்றிக் காட்டினான்.
"பாருங்க, துரு இல்ல. இது கடல் காணாத மெஷின்."
இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.
பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புது எஸ்எஸ்டி போட
ஆறாயிரத்து எண்ணூறு. அதில் பேரம் இல்லையாம்.

ஒன்றே ஒன்றில்தான் நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை:
ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ், ஐயாயிரத்து ஐந்நூறு.
"இப்ப கரண்ட் போறதில்லயே மிஸ்?"
அந்த வருசம் மெழுகுதிரி வாங்கவும்
வரிசையில் நின்றவள் நான். போடு, என்றேன்.
நாற்பத்தெண்ணாயிரம்.
ஐந்நூறு குறைத்து மவுசும் தந்தான்.

ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம்.
சுவரோரம் டேப் ஒட்டி ஒட்டிக் கேபிளைக் கொண்டுபோனோம்.
அடுப்படிக் கதவின் மேல், அரிசி வாளிக்குப் பின்னால்,
குளியலறைக் காற்றுத் துவாரத்தால் நுழைந்து.
கடற்காற்றில் டேப் விடிய முதல் இரண்டிடத்தில் கழன்றது.
திரும்ப ஒட்டினேன்.

"வந்திட்டுது!"
உள்ளிருந்து ஆரபியின் குரல்.
வாளி நிமிர்ந்தது; தண்ணி பிடித்து வைத்தோம்.

இரவு, வலது சிறுநீரகத்தில், என்றார்.
நாலு மில்லிமீட்டர் கல், தானாகவே போய்விடும்.
யன்னலுக்குக் கீழே பாணந்துறை ரயில் போக
மேசையோடு சேர்ந்து 0417 மெல்ல நடுங்கியது.
எழும்பி, பழைய துவாய் ஒன்றை எடுத்து
அதன் கடற்பக்கத்தை மட்டும் மூடிவிட்டேன்.