மயிரிழைக் கடவு

கிணத்துக்கடவுக்கு மேற்கே
மலை சட்டென்று அற்றுப்போகிறது.
வடக்கே ஒரு முடிவு, தெற்கே ஒரு தொடக்கம்,
நடுவில் படல் சாத்த மறந்த கடவு.
ஆனி பிறந்ததும் அவ்வழியே
மழையின் வாசம் வரும்.
மழை பெரும்பாலும் அக்கட்டாலேயே நின்றுகொள்ளும்.

எங்கள் கொட்டகையில் வேலை
இன்னொரு சந்தைப் பற்றியது.

எரிவாயுச் சுழலியின் முன்பக்கம்
காற்றை உள்ளே இழுத்துப்
படிப்படியாக அமுக்குகிற வட்டங்கள்.
வட்டத்துக்கு முப்பத்தாறு தகடு,
நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று.
தகட்டு நுனிக்கும் உறையின் உட்சுவருக்கும் நடுவே
நாலு தலைமயிர் படுக்கிற இடம்.
விட்டால்
அமுக்கிய காற்று அதன் வழியே பின்னால் ஓடிவிடும்.
விடாவிட்டால்
சூட்டில் நீளும் தகடு சுவரில் முட்டும்.
முட்டினால் என்ன ஆகும் என்பதற்குக்
கொட்டகைக் கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது,
அண்ணாந்தால் வானம்.
அது மூன்றாம் சோதனை.

நான்காவதில் சுவரின் பூச்சை இளக்கினேன்.
உப்பு பூத்த மண்சுவர் மாதிரி உதிர்ந்து
அத்தனை தகட்டிலும் அப்பிக்கொண்டது.
பொங்கியண்ணன் ரெண்டு நாள்
பிரஷ்ஷும் கையுமாகக் குக்கியிருந்தார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
எனக்கு மட்டும் டீ வாங்கி வரவில்லை.

ஐந்தாவதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஆறாவதுக்கு
அலுமினியத் தூளோடு பாலியஸ்டர் தூள் கலந்து
சுடரில் தெளித்தோம்.
"திருப்பூர்ல பனியனுக்குப் போடறாங்களே, அதுங்களா?"
"அதுக்கு ஒறம்பரைங்ண்ணா" என்றேன்.
உலையில் ஏற்றி அதை எரித்து வெளியேற்ற,
அது இருந்த இடமெல்லாம்
கண்ணுக்குத் தெரியாத குழிகள்.
அடியில் பொடிக்குழி, மேலே வர வரப் பெருங்குழி.
கையில் எடுத்தால் உலோகம்.
நகம் பட்டால் வழிவிடும்.

பொழுதோட ஐந்தரைக்கு ஓட்டினோம்.
தகடுகள் சூடேறி, நீண்டு, சுவரை உரசி,
தமக்கு வேண்டிய மட்டும்
ஒரு தடம் கீறிக்கொண்டு
அதற்குள்ளேயே ஓடின.
சத்தம் ஒரே சீர்.
பொங்கியண்ணன் கடைசிவரை
கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம்: புள்ளி ஆறு சதவீதம்.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள்
கணக்குப் பார்க்கும் கோகிலவாணி.
வருடத்துக்கு எட்டாயிரம் மணி நேரம் ஓடும் என்றேன்.
மணிக்கு எவ்வளவு வாயு குடிக்கும் என்றேன்.
தட்டிப் பார்த்தாள்.
அழித்துவிட்டு மறுபடி தட்டினாள்.
"இன்னொருக்கா சொல்லுங்க."

காப்புரிமைப் படிவத்தில் ஒரு கட்டம்:
இதில் புதிதாக என்ன?
தேயும் பூச்சு முன்பே உண்டு.
குழிகளை வரிசைப்படுத்தியதுதான் என் வேலை.
ஆனாலும் இரவு உட்கார்ந்து எழுதினேன்:
தோற்பதற்கென்றே ஒரு சுவர்.
எங்கே, எவ்வளவு தோற்க வேண்டுமோ
அங்கே, அவ்வளவு.
காலையில் அடித்துவிட்டேன்.
வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார்.
'கட்டுப்படுத்தப்பட்ட தேய்மானப் பரப்பு' என்று மாற்றினேன்.
பிழை ஏதுமில்லை.
குடிவராத வீடு மாதிரி இருக்கிறது.

சாயந்தரம் வெளியே வந்து நின்றேன்.
காற்று சேலையைப் பிடுங்கியது.
கோவில்பாளையம் தாண்டி, கண்ணுக்கெட்டும் தூரம்
காற்றாடிகள் அதைத் தின்று சுழன்றன.
நாளெல்லாம் நான் அடைத்துக்கொண்டிருப்பது
நாலு மயிர்க் கசிவு.
இங்கே ஒரு சீமையே
கசிவில் விளக்கேற்றுகிறது.
மலைக்கு இது எத்தனை சதவீத நஷ்டமோ,
யாரும் அதனிடம் படிவம் கேட்டதில்லை.

"தூளெல்லாம் பறக்குது, ஷட்டரை எறக்குங்க!"
உள்ளிருந்து பொங்கியண்ணன்.
இறக்கினேன்.
தரைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல் சந்து.
அதில் வாய் வைத்துக் காற்று
ஊதிக்கொண்டே இருந்தது.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச்
சாக்கைத் திணித்தேன்.