ம்ர்கான்

நரின் நகரில் மைனஸ் இருபத்திரண்டு.
பனி விழுவதை
ஒமுர்கான் சத்தமின்மையால் அறிவாள்:
தெருவில் லாரி வருகிறது,
டயரின் ஒலி மட்டும் வருவதில்லை.

கணினி பேசுகிறது.
ரஷ்ய மொழிக்கென்று செய்த குரல்.
கிர்கிஸ் எழுத்துகளில் மூன்று அதற்குத் தெரியாது.
தெரியாததை விழுங்கிவிடும்,
விருந்தில் மீன்முள்ளை விழுங்குகிறவர் மாதிரி,
முகம் மாறாமல்.
"வணக்கம், ம்ர்கான்."

ஒமுர் என்றால் அவள் மொழியில் ஆயுள்.
தொலைந்த இரண்டும் உயிரெழுத்து.
என் மொழியில் அவற்றுக்குப் பெயரே உயிர்தான்,
மிஞ்சி நிற்பதை மெய் என்போம் என்று
அவளுக்கு நான் எப்படிச் சொல்வது?

பதினாறு வயதில் பள்ளியில் சொன்னார்கள்:
பார்வை இல்லாதவர்களுக்கு மசாஜ்தான் தொழில்.
பதினோரு வருடம் பிசைந்தாள்,
ஓட்டுநர்களின் இடுப்பை, அதிகாரிகளின் பிடரியை.
விரல் மூட்டுகள் வீங்கின.
ஓய்வெடு என்றார் மருத்துவர்.
ஓய்வுக்கு யார் சம்பளம் தருவார்
என்பது சீட்டில் இல்லை.

அப்படித்தான் இந்தப் படிப்பு:
பதிவான பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை.
இலவசம். வீட்டிலிருந்தே.
'எல்லோருக்குமான தளம்' என்று முகப்பில் இருந்தது;
அதை மட்டும் குரல் பிசகாமல் வாசித்தது.

மகன் தூங்கிய பிறகு,
மின்சாரம் இருந்த இரவுகளில்,
முப்பத்தொரு பாடம்.
தேர்வில் தொண்ணூற்று நான்கு.
கடைசியாக விண்ணப்பப் பக்கம்.

பொத்தான்.
பொத்தான்.
பொத்தான்.

எதற்கும் பெயரில்லை.
ஒன்று அனுப்பும், ஒன்று சேமிக்கும்,
ஒன்று எல்லாவற்றையும் அழிக்கும்.
நடுவில் இருந்ததை அழுத்தினாள்.

அன்று அவள் சொன்ன வார்த்தை
குதிரை மேய்ப்பவர்கள் சொல்வது.
அதில் ஓர் எழுத்தைக்கூட எந்தக் குரலாலும் விழுங்க முடியாது.

மறுபடி நிரப்பினாள்.
இம்முறை படங்கள் குறுக்கே வந்தன:
பேருந்து உள்ளவற்றைத் தேர்ந்தெடு,
நீ மனிதர்தான் என்று நிரூபி.
பக்கத்து வீட்டு ஸமிர்பெக்கைக் கூப்பிட்டாள்.
ஒன்பது வயது, கையில் ரொட்டி.
"அக்கா, இது பேருந்தா, வேனா?"
எப்படியோ அவளை மனிதராக்கிவிட்டு
விசைப்பலகையில் ஜாம் ஒட்டிவிட்டுப் போனான்.

'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா' என்ற கட்டத்தில்
அவள் எழுதியது:
மூன்று பொத்தானுக்கும் பெயர் வையுங்கள்.
பிறந்த குழந்தைக்கே நாங்கள்
நாற்பது நாள் காத்திருப்பதில்லை.

மார்ச்சில் வேலை வந்தது.
பொத்தான்களுக்குப் பெயர் வந்தது மே மாதம்.
அதற்கு நடுவில் ஒரு மாலை, சூப் கொதிக்கையில்,
குரல் சத்தமாக வாசித்தது:
"ம்ர்கான், உங்கள் கணக்கில்
பதினெட்டாயிரத்து நானூறு சோம்."
ஒரு பூஜ்யம்கூடச் சிந்தவில்லை.

"யாரும்மா அந்த ம்ர்கான்?" என்றான் மகன்.

அடுப்பைத் தணித்தாள்.
"கூட வேலை செய்கிறவள்.
பாவம், தன் பெயருக்காக
இன்றைக்கும் ஒரு புகார் எழுத வேண்டியிருக்கிறது.
இது ஏழாவது."