மூன்று புள்ளி ஒன்று

டர்பன் துறைமுகம், மேடன் வார்ஃப்.
ஏழாவது சைலோவின் கூரையில்
கவிழ்த்த கிண்ணம் அளவுக்கு ஒரு ரேடார்.
சோளத்தை அளக்கிறது என்பார்கள் அலுவலகத்தில்.
இல்லை.
அது அளப்பது காலியை.

கீழே ஒரு துடிப்பை அனுப்பும்.
பட்டுத் திரும்பும் நேரத்தைப் பிடிக்கும்.
மூன்று மீட்டர் போய்வர
ஒரு நொடியை நூறு கோடியாய் அரிந்தால்
அதில் இருபது துண்டு.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
சைலோவின் உயரம் இருபத்து நாலு என்று
நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.
கழித்துப் பார்த்து
மிச்சத்தைச் சோளம் என்கிறது.

உள்ளே ஓர் இரும்பு ஏணி உண்டு.
முதல் வாரம் அதையும் சோளம் என்றது.
சைலோ காலியாயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஏணி, பற்றவைத்த தையல், துருத்திய போல்ட்டு
ஒவ்வொன்றாய்க் காட்டி
மறக்கப் பழக்கினேன்.

செவ்வாய்க்கிழமை திரையில் 3.1.
புதன் காலையும் 3.1.
நடுவில் நாலு லாரி நிரம்பிப் போயின.
ஐந்தாவதற்கு அடிவாயைத் திறந்தால்
ஒரு மணி விழவில்லை.

"உன் ரேடார் செத்துப்போச்சு, குபாஷ்னி"
என்றார் ஃபோர்மன் மூட்லி.

ம்லுங்கிசி கம்பியோடு ஏறி மேல்மூடியைத் திறந்தான்.
எட்டிப் பார்த்தோம். மஞ்சள் தரை.
கட்டில் போட்டுப் படுக்கலாம் போலிருந்தது.
நாலு உதையில் இறங்கிவிடும் என்று
காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனான்.

பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

3.1 பொய்யில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
போன வாரம் மழையில் இறக்கிய சோளம்
ஓடாக இறுகி அங்கேயே நிற்கிறது.
நாலு லாரி போன இடம் அதன் அடியில்
இருட்டாக,
எந்த எண்ணும் இல்லாமல்.
படும் இடம் வரைதானே துடிப்பு போகும்.

இறங்கி வந்து
ரப்பர் சுத்தியலால் சுவரைத் தட்டினோம்.
ஓரிடத்தில் தொம்.
கையெட்டும் தூரத்தில் டங்.
பதினோரு மணிக்கு உள்ளே
பெரிய உடம்பு ஒன்று உட்கார்ந்த சத்தம்.
புழுதி. திரையில் எண்ணே இல்லை, வெறும் கோடுகள்.
அடங்கியதும்
12.6.

ம்லுங்கிசி அந்த எண்ணைப் பார்த்தான்.
பிறகு தன் பூட்ஸைப் பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை,
என் டப்பாவைத் திறந்து பாதி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டான்.

பழுது அறிக்கையில் ஒரு கட்டம்:
கருவியின் தவறா?
இல்லை என்று எழுதினேன்.
விளக்கத்துக்கு இரண்டு வரிதான் இடம்.

வெளியே மூட்லி
ஐந்தாவது லாரியைப் பின்னால் வரச்சொல்லிக்
கை காட்டிக்கொண்டிருந்தார்.