கோரம்

டர்பனில் மலைமேல் எங்கள் பல்கலைக்கழகம்.
ஆட்சிக் குழு கூடும் அறைக்கு ஆறு சன்னல்.
ஐந்தைத் திறக்கக் கூடாது, குரங்கு வரும்.
ஆறாவதன் கொக்கி உடைந்து மூன்று வருடம்;
பழுது பார்க்கும் தீர்மானம்
நிதிக் குழுவில் இருக்கிறது.

நான் குறிப்பெழுதுகிறவள்.
கோகிலாம்பாள் படையாச்சி.
மேசைப் பலகையில் ‘செயலகம்’ என்று மட்டும்.
யாரும் என்னைப் பார்ப்பதில்லை,
தேநீர் தாமதமானால் எல்லாரும் பார்ப்பார்கள்.

“கட்ட முடியாதவன் ஏன் படிக்க வருகிறான்?”
ஒருவர் சமோசாவோடு மென்று சொன்னதை
“கட்டண நிலுவை விவாதிக்கப்பட்டது”
என்று ஆக்குவது என் வேலை.
எழுதுவது ஆங்கிலத்தில்,
உள்ளே ஓடுவது தமிழ்.
ஆங்கிலத்தில் செய்தவன் சுத்தமாக மறைந்துவிடுவான்.
தமிழில் அவன் மறைந்தாலும்
ஒரு ‘பட்டது’ மிஞ்சி நிற்கும்:
ஒத்திவைக்கப்பட்டது, ஏற்கப்பட்டது, நீக்கப்பட்டது.
பட்டது யார் என்று கேட்கத் தோன்றும்.

பிப்ரவரி பதினெட்டு. பொருள் ஒன்பது.
நிலுவை வைத்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்
பதிவேட்டிலிருந்து நீக்கம்.
பெயர் இல்லை, மாணவர் எண்தான்,
ஒன்பது இலக்கம், பொடி எழுத்து, பதினான்கு பக்கம்.
மாணவர் பிரதிநிதி லுங்கேலோ செலே
எழுந்து நின்று ஓர் எண்ணை மட்டும் வாசித்தான்,
இலக்கம் இலக்கமாக, மெதுவாக.
“இவள் நூலகத்தில் தூங்குகிறாள்” என்றான்.
“பொருளுக்கு வெளியே” என்றார் தலைவர்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், நான்கு பத்துக்கு,
ஜோகன்னஸ்பர்க் விமானம் பிடிக்கத்
திரு. ஃபூரி எழுந்து போனார்,
கோப்பை மறந்து, கோட்டை மறக்காமல்.
கதவு சாத்திய சத்தத்தில்
பதினாறு, பதினைந்தானது.
கோரம் பதினாறு.
கணிதப் பேராசிரியர் ஒருவர் இருந்தார் அங்கே,
தணிக்கையாளர்கள் இருவர்.
எண்ணியவள் நான்.

கை தூக்கினார்கள்.
பதினொன்று, மூன்று; ஒருவர் நடுநிலை.
எனக்கும் கை உண்டு, தூக்க உரிமை இல்லை.
வாயும் அப்படித்தான்.
அந்த நேரம் பார்த்து ஆறாவது சன்னலில் ஒரு குரங்கு,
பிஸ்கட் தட்டோடு போனது.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

இரவு மின்வெட்டு.
மடிக்கணினியின் கடைசி வெளிச்சத்தில் எழுதினேன்:
4.10. திரு. ஃபூரி வெளியேறினார்.
4.14. பொருள் ஒன்பது எடுத்துக்கொள்ளப்பட்டது.
இரண்டு வரிக்கும் நடுவே
ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

பதிவாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்.
மகள் கல்யாணப் பத்திரிகையை
என் மேசைக்கே வந்து தந்தவர்.
“நேரமெல்லாம் அவசியமா, கோகி?”
“விதி இருபத்து மூன்று, சார். நீங்கள் வரைந்தது.”
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ரொம்ப நேரம்.

மார்ச் கூட்டம்.
“முந்தைய குறிப்பில் திருத்தம் உண்டா?”
இருமல் மட்டுமே வரும் இடம் அது.
லுங்கேலோ கை தூக்கினான்.
அவன் தாளில் என் இரண்டு வரிக்கும்
பென்சில் கோடு.

வெற்றி என்று சொல்லமாட்டேன்.
ஐந்து வாரம் தள்ளிப்போய்
பொருள் ஒன்பது மறுபடி வந்தது.
முழுக் கோரத்தோடு, முறைப்படி நிறைவேறியது.
ஃபூரி தாளைப் புரட்டாமலே கை தூக்கினார்.
ஆனால் அந்த ஐந்து வாரத்தில்
யார் வீட்டிலோ ஒரு மாடு விற்றிருக்கிறது,
யாருக்கோ உதவித்தொகைக் கடிதம் வந்திருக்கிறது,
யாரோ ஒரு மாமா டாக்ஸியை அடகு வைத்திருக்கிறார்.
பட்டியலில் இப்போது ஐந்நூற்று நாற்பத்தொன்று.
மீதி எழுபத்தொன்று எங்கே என்று
எவரும் கேட்கவில்லை.
கேட்காததை நான் எழுதுவதில்லை.

லுங்கேலோ வாசித்த எண்ணைத் தேடினேன்.
பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து ஏழாவது.
இருந்தது.

பொருள் பதினொன்று: சிக்கனம் கருதி
நூலகம் இனி இரவு எட்டுக்கு.
அடித்து முடித்தேன்,
மூடப்படும்.