ஒன்றும் நடக்கவில்லை

ஒரூரோவில் காற்று கடனுக்குக் கிடைப்பது.
நாலு படி ஏறினால்
வட்டியோடு திருப்பிக் கேட்கும்.
அதைத்தான் எட்டு பார் அழுத்தத்துக்கு நெருக்கி
குழாய் வழியே சுரங்கத்துக்குள் அனுப்புகிறேன்,
நெமேசியா கொல்கே,
கூட்டுறவுச் சங்கத்தின் கம்ப்ரஸர் அறை.

மார்ச்சில் எண்ணெய் பிரிக்கும் பில்டர் அடைத்துக்கொண்டது.
மானியின் முள்
உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பார் வித்தியாசம் காட்டியது.
கீழே நூற்றுப்பத்து மீட்டரில்
துளைக்கருவி எண்ணெயைத் துப்பியது.
தன் ரொட்டியில் மெஷின் ருசிக்கிறது என்று
சிகரெட் அட்டையில் எழுதி
தாதுவண்டியில் மேலே அனுப்பினான் தெல்ஃபின் ஹுவாராச்சி.

சந்தையில் எண்ணூறு பொலிவியானோவுக்கு ஒன்று கிடைத்தது.
அதே உயரம், அதே மஞ்சள் பட்டை,
அச்சில்கூடக் குறை சொல்ல முடியாது.
செயலாளர் ருஃபீனோ அதைப்
பிறந்த குழந்தையைப் போல ஏந்தி வந்தார்.
அசல் நாலாயிரத்து இருநூறு.
அரிக்கா துறைமுகத்தில் இறங்கி
சுங்கச்சாவடியில் ஒரு முத்திரைக்காகத் தூங்கி எழுந்து
மலையேறி வரவேண்டும்.

வெர்னியர் வைத்துப் பார்த்தேன். சரி.
எடை போட்டேன். இருபது கிராம் குறைவு,
அதையும் விடலாம்.
கேஸ்கெட்டை ஒரு சுற்றுத் தடவினேன்.
விரல் எங்கும் இடறவில்லை.
அங்கேதான் பயந்தேன்.

அசலின் கேஸ்கெட்டில்
பள்ளிக்கூடத்துத் தாள்களுக்கு அடிப்பதுபோல
இரண்டு கம்பிப் பின்கள் இருக்கும்.
யாரோ மறந்து விட்டுப்போனது என்று
புதுப் பையன்கள் நகத்தால் நெம்பப் பார்ப்பார்கள்.
எண்ணெய் நனைந்த காற்று
பில்டரின் இழைகளில் உரசி உரசி மின்சாரம் சேர்க்கிறது.
இருட்டில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது
படபடக்குமே, அது.
அந்தப் பின்தான் அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்
தொட்டியின் இரும்பிலும்
இரும்பு வழியே மண்ணிலும் இறக்கிவிடும்.
பின் இல்லாவிட்டால்
எண்ணெய்ப் புகைக்குள் தனியாக நிற்கும்,
ஒரு பொறி அளவுக்கு வளரும்வரை.

"நீயே ரெண்டு பின் அடித்துக்கொள்ளேன்" என்றார் ருஃபீனோ.
உண்மையைச் சொல்கிறேன், சற்று யோசித்தேன்.
அடித்தால் கண்ணில் பட்ட குறை தீரும்.
கண்ணில் படாத இடத்தில்
இன்னும் எதை மிச்சம் பிடித்தார்களோ
அதற்கு எங்கே போய் அடிப்பது?
கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

ஒன்பது நாள்.
உளியும் சுத்தியலுமாகக் கொஞ்சம் பேர் இறங்கினார்கள்.
மற்றவர்கள் வாசலில் கோகா இலை மென்றுகொண்டு
என்னைப் பார்க்காமல் இருந்தார்கள்.
ஆறாம் நாள் தெல்ஃபினின் மனைவி பசீலியா வந்தாள்.
"உன் ரெண்டு பின்னையும்
என் பானையில் போட்டு வேகவைக்கட்டுமா?"
வீட்டிலிருந்த உலர்ந்த உருளைக்கிழங்கில்
பாதி மூட்டை கொடுத்தேன்.
நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.
சொல்லியிருந்தால் எனக்குத்தான் கூசியிருக்கும்.

பத்தாம் நாள் பெட்டி வந்தது.
உறையைக் கிழித்ததும் கேஸ்கெட்டைத்தான் தொட்டேன்.
விரல் இடறியது.
போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினேன்,
மல்டிமீட்டரை வைத்தேன்,
கீச்சென்று ஒரு சத்தம், போதும்.
எட்டு பார்.
கால்களுக்குக் கீழே மலை மறுபடி அதிரத் தொடங்கியது.

சந்தைச் சரக்கைப் பக்கத்துச் சங்கம்
அறுநூறுக்கு வாங்கிப்போனது.
நாலு மாதமாக ஓடுகிறது.
அவர்கள் மெக்கானிக் வில்காவிடம் பின்னைப் பற்றிச் சொன்னேன்.
சிரித்தான், தேநீர் கொடுத்தான்.
அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை.
பசீலியா பார்க்கும்போதெல்லாம் நினைவூட்டுகிறாள்.

இரவில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால்
இரண்டு மெஷினும் கேட்கும்.
காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.
என்னுடையது ஓடும்வரை தூங்குவேன்,
அவர்களுடையது சட்டென்று நின்றால்
எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.
ஷிப்ட் முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த ஆர்டர் சீட்டில்
பில்டர்: இரண்டு என்று எழுதினேன்.
ருஃபீனோ அடித்துவிட்டு ஒன்று என்று போட்டார்.
அதன் பக்கத்தில்
மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.