நான்காம் வேற்றுமை

காசோலையின் இடது மூலையில்
குறிப்பெழுத ஒரு கோடு உண்டு.
வெர்னா கெம்பைனன் அதில் எழுதியிருந்தாள்:
"எல்லாவற்றுக்கும்."
பன்னிரண்டாயிரம் டாலர்.
கையெழுத்து நடுங்கியிருந்தது,
தொகை நடுங்கவில்லை.

ஹான்காக் பக்கம் சுபீரியர் ஏரி
ஆறு மாதம் பனியாய் எழுந்து வந்து
வாசலில் குவியும்.
பத்தொன்பது குளிர்காலம்
அவள் வாசலைத் தள்ளித் திறந்தவன் லேலண்ட் ரௌடியோ.
விலை பேசியதில்லை.
சில நாள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும்,
உள்ளே திம்பிள்பெர்ரி ஜாம்.
அதையும் வருமானத்தில் சேர்க்கணுமா என்று
பிற்பாடு கேட்டான். கிண்டலாக இல்லை.

ஃபீனிக்ஸில் இருக்கும் மகன்
அம்மாவின் கணக்கைக் கையில் எடுத்தான்.
மாடியை வாடகைக்கு விட்ட வீடு.
"பராமரிப்புச் செலவு" என்று
ஒரு படிவத்தை அனுப்பிவிட்டான்.
அவனைக் குறை சொல்ல முடியாது.
செலவென்றால் ஒரு பெயர் வேண்டும்.

வரி அலுவலகத்தில் கொரின் கேட்டாள்:
மற்ற வீடுகளில் காசு வாங்குகிறீர்களா?
பதினொரு வீடு. தடவைக்கு நாற்பது டாலர்.
இவளிடம் மட்டும் ஏன் வாங்கவில்லை?
"போகிற வழி."

நான் படித்த இலக்கணத்தில்
கொடைக்கும் கூலிக்கும் ஒரே உருபுதான்.
பிள்ளைக்குப் பால்.
பாலுக்குக் காசு.
எல்லாவற்றுக்கும் என்பதில் இருப்பது
எந்தக் கு என்று
எழுதியவளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டார்கள்.
முதியோர் இல்லத்து ஜன்னலை விட்டுக்
கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"வண்டிச் சத்தம் கேட்கிறதா பாருங்கள்."

கொடுப்பவர் மனசைப் பார் என்கிறது சட்டம்.
மனசு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று
அதில் பக்க எண் இல்லை.

கொரின் வரைபடத்தை விரித்தாள்.
பதினொரு வீட்டுக்கும் சிவப்புப் புள்ளி.
லேலண்டின் வீட்டுக்கு நீலம்.
வெர்னாவின் வீடு
எல்லாப் புள்ளிகளுக்கும் எதிர்ப்புறம்,
பாலம் தாண்டி ஏழு மைல்,
சாலை முடிகிற இடம்.
அப்பால் ஏரிதான்.

எங்கே போவதற்கும் அது வழி இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
அவன் தன் தொப்பியின் உட்புறத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
கோப்பில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.
யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்க
மூன்றாவது இல்லை.

வெளியே மறுபடி கொட்டத் தொடங்கியது.
சீக்கிரம் முடியுமா என்றான் லேலண்ட்,
போகிற வழியில் ஒரு வீடு இருக்கிறது.